நடக்கிற தூசி

அந்த மூட்டை என்னோடதுதான் தம்பி. உங்க பை மேல சாஞ்சிருக்கு, பரவாயில்லையா? தள்ளி வைக்கலாம்னா அந்தப் பக்கம் ஒழுகுது. கால் மட்டும் படாமப் பாத்துக்கோங்க, சாப்புடுற சாமான்.

எதுவரைக்கும் போறீங்க? குத்தாலமா? அதான பாத்தேன், துண்டும் சோப்பு டப்பாவுமா ஏறும்போதே நெனச்சேன். போங்க போங்க, சாரல் நல்லா விழுகுதாம். நான் கடையநல்லூர்ல எறங்கிருவேன். சம்பந்தி வீட்டுக்கு. மருமகளையும் பேத்தியையும் கூட்டிட்டு வரப் போறேன். கோவிச்சுக்கிட்டுப் போயி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. சின்ன விஷயம்தான். இந்த மூட்டைதான் விஷயம்.

உள்ள என்னன்னா கேக்குறீங்க? துவரை. செம்மண் கட்டுன துவரை. மெட்ராஸ்காரங்கன்னா பாத்திருக்க மாட்டீங்க. செம்மண்ணக் குழம்பாக் கரைச்சு, முழுத் துவரைய அதுல போட்டுப் பிசறி, காய வச்சு எடுத்து வச்சா வண்டு அண்டாது. ஒவ்வொரு துவரைக்கும் ஒரு சட்டை மாட்டி விட்ட மாதிரி. வேணுங்கிறப்பக் கழுவிக் காய வச்சு உடைச்சுக்க வேண்டியதுதான். பழசாகப் பழசாக ருசி. இந்தத் துவரை போன தேர்தலுக்கு முந்துனது தம்பி. ஆட்சியே மாறிப் போச்சு, இது மாறல.

என் பேரு கருத்தப்பாண்டி. ராஜபாளையத்துல வந்து கேண்டீன் கருத்தப்பாண்டி வீடு எங்கன்னு கேளுங்க, யாரு வேணாலும் கொண்டாந்து விட்டுருவாங்க. மில்லு கேண்டீன்ல ஸ்டோர் கீப்பரா இருந்தேன். மூணு ஷிப்டுக்கும் சோறு பொங்குற கேண்டீன். நான் பொறுப்புல இருந்த வரைக்கும் ஸ்டோருக்குள்ள ஒரு வண்டு, ஒரு புழு எட்டிப் பாத்தது கெடையாது. இத்தனைக்கும் அது தகரக் கொட்டகை. மத்தியானம் உள்ள போனா ஆள இட்லி மாதிரி அவிச்சு எடுத்துரும். சட்டையக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் வேலை பாப்பேன். அந்த வேக்காட்டுலயும் பூச்சி கெடையாதுன்னா பாத்துக்கோங்க, பராமரிப்பு அப்பிடி.

ரிடையர் ஆகி வீடு கட்டுனேன். எல்லாரும் பூஜை ரூம் எங்க வரணும், டிவி எங்க வரணும்னு மேஸ்திரிகிட்ட மல்லுக்கட்டுவாங்க. நான் ஸ்டோர் ரூம் எங்க வரணும்னு மல்லுக்கட்டுனேன். வடக்குப் பக்கம், வெயில் படாத மூலை, ஜன்னல் கெடையாது. தகரக் கொட்டகையில நான் பட்ட பாட்ட என் பருப்பு படக் கூடாதுன்னு நெனச்சேன். தரையில ஈரச் சாக்கு விரிச்சு விடுவேன். கோடையில உள்ள போனீங்கன்னா குளுகுளுன்னு இருக்கும். மனுசன் தாகம்னா வாயத் தொறந்து கேப்பான், பாசிப்பயறு கேக்குமா? நாமதான பாத்துச் செய்யணும்.

என்ன, கொசுவா? ஜன்னல் ஷட்டர எறக்கி விடுங்க. சாரலும் அடிக்காது, கொசுவும் வராது.

நம்ம வீட்டுக்கு வந்தவங்க யாரும் வெறுங்கையாத் திரும்பிப் போனது கெடையாது தம்பி. ஆளுக்கொரு பை துவரை. கேஸ் சிலிண்டர் போட வந்த பையனுக்கும் உண்டு, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவங்களுக்கும் உண்டு. வேணாம் வேணாம்பாங்க. விடுவனா? வண்டியில கட்டி விட்டுத்தான் மறுவேலை. ஒண்ணு பாத்திருக்கேன், ஒரு தடவை வாங்கிட்டுப் போனவங்க மறுபடி நம்ம தெருப்பக்கம் வர்றதில்ல. எதுத்தாப்புல பாத்தாலும் சந்துக்குள்ள திரும்பிருவாங்க. திரும்பக் கேக்க வெக்கம். நல்ல பொருளத் தின்னுட்டா அப்பிடித்தான்.

சரி, விஷயத்துக்கு வாரேன். போன வருசம் வரைக்கும் செம்மண் கட்டுன துவரைய மொட்டை மாடியிலதான் காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். பக்கத்துல ஒரு அப்பார்ட்மெண்ட் வந்துச்சு. அதுல ஒரு அம்மா பால்கனியில நின்னு, "எம்மாடி! எம்புட்டுப் பருப்பு! கடையே வச்சிரலாம் போலயே!"ன்னு சத்தமாச் சொல்லிருச்சு. சொல்லிட்டு உள்ள போயிருச்சு. சாயங்காலமே மழை. பங்குனி மாசம் தம்பி, மேகமே இல்லாத நாளு! அள்ளுறதுக்குள்ள பாதி கரைஞ்சு மாடித் தண்ணி செக்கச்செவேல்னு ஓடுது. கண்ணு பட்டுப் போச்சு. வேற என்ன?

அதோட மாடியில போடுறத நிப்பாட்டிட்டேன். இந்த வருசம் ஸ்டோர் ரூமுக்குள்ளயே விரிச்சு, பேனப் போட்டு விட்டு, கதவச் சாத்திட்டேன். ஒரு கண்ணு படல. பேன் ஓடுது, ஓடுது, விடிய விடிய ஓடுது. தொட்டுப் பாத்தா மேலாக்கக் காஞ்சிருந்துச்சு. டிரம்முல பழசுக்கு மேலயே போட்டு மூடி வச்சிட்டேன். என் மருமக கோமதி அப்பவே வந்து நின்னா. தங்கமான பொண்ணு, அதுல ஒண்ணும் குறை சொல்ல மாட்டேன். "மாமா, கொஞ்சம் வெயில் காட்டுங்க மாமா. கைக்குச் சில்லுன்னு இருக்கு"ன்னா. "சில்லுன்னு இருக்கணும்னுதான்மா இந்தப் பாடு"ன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டா. வாதாடுற பொண்ணு இல்ல. அதுதான் அவகிட்ட இருக்குற கஷ்டமே.

ரெண்டு மூணு மாசத்துல பாருங்க, ஸ்டோர் ரூமத் தொறந்தா ஒரு வாசனை. எப்பிடிச் சொல்றது, தேன்ல புதினாவக் கசக்கிப் போட்டா எப்பிடி இருக்கும், அந்த மாதிரி. மில்லு ஸ்டோர்ல அத்தனை வருசத்துல ஒரு நாள் கூட அந்த வாசனை வந்தது கெடையாது. பக்குவம் வந்துருச்சுன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். வீட்டுக்கு வர்றவங்களக் கூட்டிட்டுப் போயி, "மூச்ச இழுங்க, இழுங்க"ன்னு சொல்லுவேன். இழுத்துட்டுத் தும்முவாங்க.

அங்க ஒருத்திக்கு மட்டும் என்னைய மாதிரியே ரசனை. என் பேத்தி. இப்பத்தான் ரெண்டு வயசு முடிஞ்சிருக்கு. பேரு என்னமோ வாயில நுழையாத பேரு வச்சிருக்காங்க, நான் பாப்பான்னுதான் கூப்புடுவேன். அவளுக்கு நான் பப்புத் தாத்தா. பருப்புன்னு வராது, பப்பு. காலையில எந்திரிச்சதும், பாலு கூடக் குடிக்காம, "பப்புத் தாத்தா, பப்பு"ன்னு வேட்டியப் பிடிச்சு இழுப்பா. கூட்டிட்டுப் போயி ஒவ்வொரு டிரம்மாத் தொறந்து விடுவேன். நான்தான் இடுப்பப் பிடிச்சுத் தூக்கி நிறுத்தணும். ரெண்டு கையையும் முழங்கை வரைக்கும் உள்ள விட்டு அளைவா பாருங்க! அள்ளுவா, விடுவா, அள்ளுவா, விடுவா. சலசலன்னு சத்தம் வரும், அவளுக்குச் சிரிப்புத் தாங்காது. எனக்குந்தான். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு டிரம் வாங்கிப் போடலாம்னு தோணும்.

அப்பத்தான் வீட்டுல அரிப்பு ஆரம்பிச்சது.

முதல்ல என் வீட்டுக்காரி பொன்னுத்தாயி. அரிசி பருப்பெல்லாம் அவதான அள்ளி எடுப்பா. கழுத்தெல்லாம் தடிச்சுப் போச்சு. கத்திரிக்காய விடுன்னு சொன்னேன். விட்டா. அரிப்பு விடல. அப்புறம் என் மகன் காசிராஜன், முதுகக் கதவு நிலையில வச்சுத் தேய்க்கிறான், எருமமாடு தேய்க்கிற மாதிரி. வழுவழுன்னு ஒரு பேண்ட்டு போடுறான்ல, அந்தத் துணி ஆகலன்னு சொன்னேன். வேட்டிக்கு மாறுனான். வேட்டியோட தேய்ச்சான். அப்புறம் பாப்பா. பிஞ்சுக் கையில செவசெவன்னு பொரிப்பொரியா. சொறிஞ்சு சொறிஞ்சு அழுகுது. எனக்கு மனசு ஆறல தம்பி. கோமதி போடுற பவுடர மாத்தச் சொன்னேன், சோப்ப மாத்தச் சொன்னேன், தொட்டில் துணிய நானே வெந்நியில ஊற வச்சுத் தொவைச்சேன்.

எனக்கா? எனக்கு ஒண்ணுமில்ல. இதுவா? இது வேர்க்குரு. மழையில வேர்க்குரு வராதுன்னு யாரு சொன்னா?

தோல் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. நான் போகல, ஸ்டோர்ல சாக்கு நனைக்கிற வேலை இருந்துச்சு. அவரு பாப்பாவோட கையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "முழங்கையோட நிக்குதே, அதுக்கு மேல ஒண்ணும் இல்லையே. வீட்டுல தானியம் பருப்பு நெறைய சேத்து வச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டாராம். கோமதி வந்து சொல்றா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பாருங்க, நம்ம துவரை பேரு டாக்டர் வரைக்கும் போயிருக்கு. ஆளு வாய் விட்டுக் கேக்க முடியாமச் சுத்தி வளைச்சுக் கேக்குறாரு. மறுநாளே ஒரு பை கட்டி அவரு ஆஸ்பத்திரியிலயே கொண்டு போயிக் குடுத்துட்டு வந்தேன். அங்க இருந்த நர்சம்மா ரெண்டு விரலால தூக்கிட்டுப் போச்சு. மரியாதை தெரிஞ்ச பொண்ணு.

இன்னொன்னும் நடந்துச்சு. டாக்டர் பாப்பாவுக்கு முளைகட்டுன பயறு குடுக்கச் சொல்லிருக்காரு. கோமதி நம்ம பாசிப்பயற ஊற வச்சு, துணியில கட்டித் தொங்க விட்டா. ஒரு நாள் போச்சு, ரெண்டு நாள் போச்சு, ஒரு பயறு முளைக்கல. கொழகொழன்னு ஆகி நாத்தம் வந்துருச்சு. கடையில வாங்கிக் கட்டுனா மறுநாளே வாலு விட்டுருச்சு. "மாமா, நம்ம பயறுல முளை விடுற மூக்கையே ஏதோ தின்னுருக்கு, பாருங்க"ன்னு கையில வச்சுக் காட்டுறா. எனக்கு ஒண்ணும் தெரியல, முழுசாத்தான் இருந்துச்சு. "அம்மா, பயறுன்னா அடக்கமா இருக்கணும். சொன்னபடி கெடக்கும் நம்ம பயறு. கண்ட கண்ட எடத்துல முளைக்கிறது கடைப் பயறு"ன்னு சொன்னேன். என் மகன் எந்திரிச்சு வெளிய போயிட்டான்.

அதுக்கப்புறந்தான் தம்பி அந்த தோசைக்கல்லு.

ஒரு நாள் காலையில கோமதி தோசைக்கல்லத் தூக்கிட்டு வாரா. ஆறுன கல்லு. அதுல நம்ம டிரம்முக்கு அடியில சேந்த தூசிய ஒரு கை போட்டுருக்கா. கறுப்புக் கல்லுல பழுப்புத் தூசி. "மாமா, பேன நிறுத்திட்டேன். மூச்சு விடாமப் பாருங்க. இந்தத் தூசி நடக்குது"ன்னா.

தூசி நடக்குதாம்! நீங்களே சொல்லுங்க. தூசி பறக்கும், ஒட்டும், கண்ணுல விழும். நடக்குமா? நான் குனிஞ்சு பாத்தேன். தூசி தூசியாத்தான் கெடந்துச்சு. பொன்னுத்தாயும் குனிஞ்சு பாத்தா. முந்தானைய உதறிக்கிட்டு உள்ள போயிட்டா. எனக்குக் கவலையாப் போச்சு. சின்ன வயசு, பிள்ள பெத்த உடம்பு, ராத்தூக்கம் கெடையாது, கண்ணுல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். மாமனாருங்கிற மொறையில விட்டுற முடியுமா? நானே ஆட்டோ வச்சுக் கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். மறுத்துப் பேசாம வந்தா. பாவம், பாப்பாவத் தோள்ல போட்டுக்கிட்டு, அது கையச் சொறிய விடாமப் பிடிச்சுக்கிட்டே வந்தா.

டாக்டர் அவளுக்கு எல்லா எழுத்தையும் காட்டிப் பாத்துட்டு, "கண்ணு பிரமாதம்"னுட்டாரு. கடைசி வரிசையக் கடகடன்னு படிக்கிறா. சும்மா இருந்த என்னைய உக்கார வச்சாரு. கூத்தப் பாருங்க, எனக்குக் கண்ணாடி எழுதிக் குடுத்துட்டாரு! கிட்டப் பார்வை சுத்தமா இல்லையாம். ஸ்டோர்ல மூட்டையத் தொட்டே எடை சொன்ன ஆளு நான். எனக்குக் கண்ணாடி! கோமதி அங்கனயே ஆர்டர் குடுத்துட்டா. நல்ல பிரேமு. இந்தா, சட்டைப் பையிலதான் கெடக்கு, ஒரு நாள் கூடப் போட்டது கெடையாது. பவர் ஜாஸ்தி. எனக்குப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு.

அதுக்கு அடுத்த வாரந்தான் போனா. சத்தம் போடல, கண்ணக் கசக்கல. பெட்டியக் கட்டி வச்சுட்டு என் முன்னால வந்து நின்னா. "மாமா, நீங்க பெரியவங்க. உங்களக் குத்தம் சொல்லல. அந்த ரூமுல இருக்குறதெல்லாம் பூச்சி மாமா. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. மாடியில வெயில்ல போடுங்க, இல்ல தூரக் கொட்டுங்க. அதுவரைக்கும் பாப்பாவ நான் இங்க கூட்டிட்டு வர மாட்டேன்." அவ்வளவுதான். பாப்பா வாசல்ல நின்னுக்கிட்டு, "பப்புத் தாத்தா டாட்டா"ன்னுச்சு. கையில மருந்து பூசி வெள்ளையா இருந்துச்சு.

அங்க போயி ஒரு வாரத்துல பாப்பாவுக்குச் சரியாப் போச்சாம். தண்ணி ஒத்துக்கிச்சு. தாமிரபரணிக் கூட்டுக்குடிநீரோ என்னமோ, கடையநல்லூர்த் தண்ணி எப்பவும் ஒரு தினுசு.

நான் காலையில எந்திரிச்சு ஸ்டோர் ரூமத் தொறப்பேன். வேட்டிய இழுக்க ஆள் இல்ல. டிரம்மத் தொறப்பேன், மூடுவேன். ஒரு நாள் நானே கைய விட்டு அளைஞ்சு பாத்தேன். சலசலன்னு அதே சத்தந்தான். என்னத்தச் சொல்ல தம்பி, அழுகை வந்துருச்சு. வயசான காலத்துல டிரம்முக்குள்ள கைய விட்டுக்கிட்டு அழுதுக்கிட்டு நிக்கிறேன், பொன்னுத்தாயி பாத்துட்டா. "ரூமக் காலி பண்ணுங்களேன்"னா. அவளும் அவ கட்சி. மகன் சனிக்கெழமை ஆனா வேலை முடிஞ்சு நேரா மாமனார் வீட்டுக்கே போயிர்றான்.

அப்பத்தான் ஒக்காந்து யோசிச்சேன். ஒரு தூசிக்காக யாராவது வீட்ட விட்டுப் போவாங்களா? மாட்டாங்க. உள்ளுக்குள்ள வேற இருக்கு. என்னவா இருக்கும்? யோசிச்சு யோசிச்சுப் பாத்தா, பளிச்சுன்னு பிடிபட்டுருச்சு. ஊர்ல போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் துவரை கட்டிக் குடுத்தோமே, சம்பந்தி வீட்டுக்கு ஒரு படி குடுத்திருக்கோமா? இல்ல! கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு படி கூட இல்ல. பொம்பளப் பிள்ளைக்கு மனசு எரியுமா எரியாதா? வாய் விட்டுச் சொல்ல மாட்டா. தூசி, பூச்சின்னு எதையாவது சொல்லிக்கிட்டுப் போயிட்டா. என்ன, நீங்களும் அப்பிடித்தான நெனைக்கிறீங்க? சரி.

அதான் மூட்டையாவே கட்டிட்டேன். டிரம்முல அடியில இருந்து, நல்ல பக்குவமானதா. பொன்னுத்தாயி கூட வர மாட்டேன்னுட்டா. "அந்த மூட்டையோட போனா ஒத்த ஆளாப் போயி ஒத்த ஆளா வருவீங்க"ன்னா. கெளம்புறப்பச் சொல்ற வார்த்தையா இது? போன் போட்டு கோமதிகிட்டச் சொன்னேன், "பாப்பாவப் பாக்க வாரேம்மா"ன்னு. மூட்டையச் சொல்லல. திடீர்னு எறக்குனாத்தான சந்தோசம். "வாங்க மாமா, பாப்பாவும் தேடுறா. பஸ் ஸ்டாண்டுக்கே கூட்டிட்டு வாரேன்"ன்னா. குரல்ல கோவமே இல்ல தம்பி. நல்ல பொண்ணு.

எந்த ஊரு இது? புளியங்குடியா? பாருங்க, பேச்சுல தெரியல. எலுமிச்சங்கா ஏலம் போடுற ஊரு, வாசனையே சொல்லிருமே. டிரைவர் எறங்கிட்டாரு, டீ குடிச்சுட்டுத்தான் எடுப்பாரு. எஞ்சின அமத்துனதும் என்னா நிம்மதி! ஷட்டரெல்லாம் எறக்கி இருக்குறதால சாரலும் இல்ல, காத்தும் இல்ல.

என்ன தம்பி, ரொம்ப நேரமாச் சொறியிறீங்க? சீட்டுல மூட்டைப்பூச்சி இருக்கும். கையெல்லாம் செவந்து போச்சே, குத்தாலத் தண்ணி பட்டாச் சரியாப் போயிரும்.

என்ன? எதப் பாக்கச் சொல்றீங்க? உங்க பையவா? ஐயய்ய, நம்ம மூட்டையில இருந்து தூசி கொட்டிருக்கு. கறுப்புப் பைல, அதான் எடுப்பாத் தெரியுது. இருங்க, தட்டி விடுறேன். தட்ட வேண்டாமா? பாக்கணுமா?

நீங்களுமா தம்பி! படிச்ச பிள்ளை மாதிரி இருக்கீங்க. காத்து இல்லதான். பஸ்ஸும் ஆடலதான். அதுக்காக? சரி, உங்க ஆசையக் கெடுப்பானேன். கண்ணாடியப் போட்டே பாத்துருவோம். நடக்கலன்னா கடையநல்லூர் வர்ற வரைக்கும் நீங்கதான் மூட்டையப் பிடிச்சுக்கிட்டு வரணும், சரியா? எங்க, காட்டுங்க. ம். தூசிதான். பழுப்பா. இந்த ஓரத்துல...

...

இருங்க, பேசாதீங்க.

...

இது என்ன தம்பி, இந்தப் பக்கம் இருந்துச்சு, இப்ப தையல் ஓரத்துக்கு வந்துருச்சு. இதுவும். எல்லாமே. இந்தா, என் விரல் மேல ஏறுது பாருங்க. ஏறுது.

...

பவர் ஜாஸ்தி. சொன்னேன்ல. இந்தக் கண்ணாடியப் போட்டா சொவரு கூடத்தான் நடக்கும். அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது.

முழங்கை வரைக்கும் விடுவா தம்பி. ரெண்டு கையையும். நான்தான் தூக்கி நிறுத்துவேன். காலையிலயே, பாலு கூடக் குடிக்காம.

ஒண்ணுமில்ல, தூசி விழுந்துருச்சு கண்ணுல. டிரைவர் வண்டிய எடுத்துட்டாரா? பஸ் கெளம்பிருச்சா? இனி கடையநல்லூர் வந்துரும். அந்தத் துண்டக் கொஞ்சம் குடுங்க தம்பி, சட்டைய உதறிக்கிறேன். வேட்டியையும். முதுகுல இருக்கா பாருங்க. நல்லாத் தட்டுங்க, பரவாயில்ல, ஓங்கித் தட்டுங்க. தண்ணி பாட்டில் இருக்கா? கைய மட்டும் கழுவிக்கிறேன். சோப்பும் குடுங்க. உங்களுக்குத்தான் அருவி இருக்கே. முழங்கை வரைக்கும் போட்டுக்கிறேன்.

ஏன் இவ்வளவு மெதுவாப் போறாரு?

கேளுங்க, மூட்டைய நான் எடுக்கல. மறந்துட்டு எறங்கிட்டேன்னு இருக்கட்டும். வயசாச்சு, மறக்காதா? நீங்க குத்தாலத்துல ரூம் போடுவீங்கள்ல, மாடி இருக்கும். சாரல் விட்டு வெயில் வந்ததும் விரிச்சுப் போடுங்க. நல்ல மொட்டை வெயில்ல. ஊரே பாத்தாலும் பாக்கட்டும், எவ கண்ணு பட்டாலும் பட்டுட்டுப் போகட்டும். அப்பிடியும் அது நடந்துச்சுன்னா... கொட்டிருங்க. யாரும் எடுத்துச் சமைச்சிராமக் கொட்டுங்க, என்ன? கண்ணாடி பவர் தப்புத்தான், இருந்தாலும் சொல்றேன்.

பொன்னுத்தாயிக்கு ஒரு போன் போடணும். சாரல் அடிக்காட்டி ஸ்டோர் ரூம் கதவத் தொறந்து போடச் சொல்லணும். ஈரச் சாக்கையும் எடுத்துரச் சொல்லணும். காரணம் கேப்பா. ரூம் பெயிண்ட் அடிக்கணும்னு சொல்லிக்கிறேன். ஊரு வந்துருச்சு, அந்த ஷட்டரத் தூக்கி விடுங்க.

அந்தா! அந்தா பாருங்க தம்பி, வெள்ளைக் குடை! அதுக்கு அடியில நிக்கிறா பாருங்க மஞ்சக் கவுன், அதுதான். வளந்துட்டா. ஒரு மாசத்துல வளந்துட்டா தம்பி! என்னையத்தான் தேடுறா. கோமதி ஒவ்வொரு ஜன்னலாப் பாக்குறா. கையில மூட்டை இருக்குதான்னுதான் பாத்துக்கிட்டு இருக்கா, எனக்குத் தெரியும். பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும்.

கண்டக்டர், ஆள் எறக்கம்! மூட்டையா? எது, இதுவா? இது இந்தத் தம்பியோடது.

வாரேன் தம்பி. நல்லாக் குளிங்க. கொஞ்சம் வழி விடுங்க, பாப்பா ஓடியாரா. மழையில வழுக்கும், நான்தான் போயித் தூக்கணும். அவளத் தூக்க எனக்கு ரெண்டு கையும் வேணும்.